மறு: ‘தியரி ஆஃப் சேஞ்ச்’ – மாற்றக் கோட்பாடா, மாற்றக் கருதுகோளா?

நண்பர்களுக்கு வணக்கம்.

குழந்தைகள் நலத் திட்டங்களை வகுப்பவர்களுக்கான கையேட்டை மொழிபெயர்க்கும் குழு, ‘தியரி ஆஃப் சேஞ்ச்’ என்பதற்கு, அதாவது ஒரு திட்டம் எந்தப் படிகள் வழியாக என்ன மாற்றத்தைக் கொண்டுவரும் என்ற விளக்கத்துக்கு, தமிழ்ச் சொல் கேட்டிருந்தது. இதுவரை வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்துவிட்டேன். மாற்றக் கோட்பாடு, மாற்றப் பாதை, மாற்றத் தர்க்கம், மாற்றத்தின் கதை. கடைசிச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நிதி கேட்கும் விண்ணப்பத்தில் ‘எங்கள் கதை’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால் நிதி தருபவர் என்ன நினைப்பார்? அதனால் அதை மனமில்லாமல் ஒதுக்குகிறேன்.

என் பரிந்துரை: மாற்றக் கருதுகோள். இதை ஒட்டிக் குழுவில் எழுந்த கேள்விகளை மேற்கோளாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே பதில் சொல்கிறேன்.

> ஆங்கிலத்தில் ‘தியரி’ என்று இருக்கும்போது கோட்பாடு என்று நேராகப் போட்டுவிடலாமே. எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்?

ஐயா, நேராகப் போட்டால் தமிழ் வாசகருக்கு இரண்டு இடறல்கள் வருகின்றன. கோட்பாடு என்றதும் அவர் நினைவுக்கு வருவது சார்பியல் கோட்பாடு, பரிணாமக் கோட்பாடு. அதாவது நிறுவப்பட்டு, பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட ஒன்று. இல்லையென்றால் ‘கொள்கை, கோட்பாடு’ என்று மேடையில் முழங்குகிறோமே, அது. மாற்றக் கோட்பாடு என்று அட்டையில் போட்டால் புதுக்கட்சியின் அறிக்கை என்று யாராவது புரட்டிப் பார்க்கக்கூடும்.

திட்டம் போடுகிறவர் கையில் இருப்பது இந்த இரண்டும் இல்லை. ‘நாங்கள் இதைச் செய்தால் இது நடக்கும், அது நடந்தால் குழந்தைக்கு இந்த நன்மை வரும்’ என்ற ஓர் அனுமானத் தொடர்தான் அவரிடம் இருக்கிறது. எந்த இடத்திலும் அது அறுந்து போகலாம். 1995இல் அமெரிக்க மதிப்பீட்டு ஆய்வாளர் கேரொல் வைஸ் இந்தத் தொடரைப் பற்றி எழுதியபோதும் அவருடைய கவலை அதுதான்: குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான சமூகத் திட்டங்கள் என்ன நம்பிக்கையில் நடக்கின்றன என்பதை வெளியே எடுத்து எழுதிவைத்தால்தானே பிறகு சரிபார்க்க முடியும்? சரிபார்ப்பதற்காகவே எழுதிவைக்கும் ஒன்றுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நல்ல சொல் இருக்கிறது. கருதுகோள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1990களின் நடுவில் கென்யாவின் மேற்குப் பகுதியில் ஆரம்பப் பள்ளிகளுக்குப் பாடநூல் கொடுக்கும் திட்டம் ஒன்று நடந்தது. பல பிள்ளைகள் ஒரு புத்தகத்தைப் பங்கு போட்டுப் படிக்கும் வகுப்பறையில் புத்தகம் கொடுத்தால் படிப்பு உயரும் என்பதை யாராவது சந்தேகப்படுவார்களா? நூறு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து, முதலில் 25 பள்ளிகளுக்கு மட்டும் கொடுத்து, மற்றவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புத்தகங்கள் போய்ச் சேர்ந்தன. பிள்ளைகள் கையிலும் இருந்தன. சராசரி மதிப்பெண் மட்டும் உயரவில்லை. முன்பே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குத்தான் பலன் கிடைத்தது.

காரணம், புத்தகம் இருந்தது ஆங்கிலத்தில். அங்கே பல பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, அதற்குமேல் சுவாஹிலி, ஆங்கிலம் மூன்றாவதாக வருவது. முன்வரிசையில் இருப்பவர்களுக்கு ஏற்ற பாடத்திட்டம், அதற்கேற்ற புத்தகம். பின்தங்கிய பிள்ளையால் அதைப் படிக்கவே முடியவில்லை. திட்ட வரைபடத்தில் ‘பாடநூல்’ என்ற பெட்டியிலிருந்து ‘கற்றல்’ என்ற பெட்டிக்கு ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள் அல்லவா? ‘பிள்ளையால் இந்தப் புத்தகத்தைப் படிக்க முடியும்’ என்ற எண்ணம் அந்த அம்புக்குள் ஒளிந்திருந்தது. யாரும் எழுதாததால் யாரும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள், இந்த அம்பைக் ‘கோட்பாடு’ என்று அழைத்தால் யாருக்காவது அதைத் தட்டிப் பார்க்கத் தோன்றுமா?

> மாற்றப் பாதை எளிமையாக இருக்கிறது. களப்பணியாளர்களுக்கு உடனே புரியும்.

எளிமைதான், தோழர். சிக்கலும் அங்கேதான். பாதை என்றால் ஏற்கெனவே போட்டு வைத்தது, நடந்தால் ஊர் வந்துவிடும். மேலே சொன்ன பாடநூல் திட்டத்தில் நடந்தார்கள், ஊர் வரவில்லை. அது மட்டுமில்லை, ஆங்கிலத்தில் ‘பாத்வே’ என்று தனியாக ஒரு சொல்லை இந்தத் துறையினர் பயன்படுத்துகிறார்கள். ஒரே கருதுகோளுக்குள் பல பாதைகள் இருக்கலாம்: ஒன்று பள்ளி வழியாக, ஒன்று தாய் வழியாக, ஒன்று சுகாதார நிலையம் வழியாக. பாதையை அதற்காக விட்டுவைப்போம்.

> கருதுகோள் என்பது ஒற்றை வாக்கியம். இது பல படிகள் கொண்டது. பொருந்துமா?

இதுவரை வந்த மறுப்புகளில் இதுதான் வலுவானது. ஆய்வேடு எழுதும் மாணவர் ‘கருதுகோள் 1, கருதுகோள் 2’ என்றுதான் எழுதிப் பழகியிருக்கிறார். ஆனால் பல அனுமானங்கள் கோத்த முழுத்தொடரையும் ஒரே கருதுகோளாகப் பேசுவது அறிவியலில் புதிதில்லை. பேரண்டத்தின் தோற்றம் பற்றிய கருதுகோள் ஒரு வாக்கியத்திலா இருக்கிறது? முழுத்தொடரைக் கருதுகோள் என்போம். அதன் உள்ளே இருக்கும் ஒவ்வோர் அம்புக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கையை, ஆங்கிலத்தில் ‘அசம்ப்ஷன்’ என்பதை, எடுகோள் என்போம். இரண்டு சொல்லும் ஒரே அச்சில் வார்த்தவை, பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் குழம்பாது.

எடுகோள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வங்கதேசம் ஒன்றே போதும். தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தைப் பார்த்து, அதே மாதிரியில் 1995இல் அங்கே ஒரு திட்டம் போட்டார்கள். தாய்மாருக்கு ஆலோசனை, குழந்தைகளின் எடையைக் கண்காணிப்பது, மெலிந்த குழந்தைகளுக்குக் கூடுதல் உணவு. தாய்மாரின் அறிவு கூடியது. குழந்தைகளின் ஊட்டத்தில் எதிர்பார்த்த அளவுக்கு மாற்றம் வரவில்லை. பின்னால் உலக வங்கியின் மதிப்பீட்டுப் பிரிவே அலசிப் பார்த்தபோது தெரிந்தது: அங்கே பல கிராமங்களில் சந்தைக்குப் போவது கணவர். கூட்டுக் குடும்பமாக இருந்தால் அடுப்படியில் முடிவெடுப்பது மாமியார். ஆலோசனை கேட்டதோ மருமகள். ‘குழந்தை என்ன சாப்பிடுவது என்பதைத் தாய் தீர்மானிக்கிறாள்’ என்ற எடுகோள் ஓரிடத்தில் செல்லுபடியாகி இன்னோரிடத்தில் செல்லாமல் போய்விட்டது. திட்டத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனவர்கள் செயல்களைப் பெயர்த்தார்கள். எடுகோள்களைப் பட்டியல் போட்டுக் கொண்டுபோயிருந்தால் இந்தக் கேள்வி முதல் மாதத்திலேயே வந்திருக்கும்.

> ‘கருதுகோள்’ என்று எழுதினால், உங்களுக்கே உறுதியில்லையா என்று நிதி தருபவர்கள் கேட்க மாட்டார்களா?

கேட்கட்டும். உறுதி இல்லை என்பதுதானே உண்மை. கென்யாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுத்த திட்டத்தில், பள்ளிக்கு வராமல் இருப்பது கால்பங்கு குறைந்ததாக 2004இல் ஆய்வு வந்தது. அந்தத் துறையில் அதைவிடப் பேர்பெற்ற முடிவு குறைவு. ஆய்வாளர்களில் ஒருவரான மைக்கேல் கிரெமர் 2019இல் பொருளாதார நோபலைப் பகிர்ந்துகொண்டார். அந்த முடிவையே 2015இல் வேறு ஆய்வாளர்கள் பழைய தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு, பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. அதற்கே அந்த நிலை என்றால், இன்னும் தொடங்காத ஒரு திட்டத்தின் வரைபடத்துக்குக் கோட்பாடு என்று பட்டம் கட்டுவது கொஞ்சம் அதிகம்.

அப்புறம் ‘அவுட்புட்’, ‘அவுட்கம்’ இரண்டையும் கையேட்டுக் குழு ‘வெளியீடு’, ‘விளைவு’ என்று போட்டிருக்கிறது. இதையும் சேர்த்துப் பார்த்துவிடலாம், ஏனென்றால் கருதுகோளின் நடுவில் இருக்கும் முக்கியமான அம்பே இவற்றுக்கு இடையில்தான் ஓடுகிறது. வெளியீடு வேண்டாம் என்பது என் கருத்து. ‘திட்டத்தின் வெளியீடுகள்: பாடநூல்கள்’ என்று எழுதினால் ஏதோ பதிப்பகம் நடத்துவதாக ஆகிவிடும். ‘விளைவு’ கெட்டதுக்கும் பொதுவான சொல், பக்கவிளைவு என்கிறோம். ஒருவர் ‘பேறு’ என்று பரிந்துரைத்திருந்தார். அழகான சொல்தான், ஆனால் தாய்சேய் நலத் திட்ட அறிக்கையில் ‘இந்த ஆண்டின் பேறுகள்’ என்றால் பிரசவக் கணக்கைத்தான் தேடுவார்கள்.

நான் சொல்வது வழங்கல், பலன். பிரிக்கும் முறையும் எளிது. அமைப்பு தன் கையால் செய்து முடிக்கக்கூடியது வழங்கல்: புத்தகம், மாத்திரை, ஆசிரியர்களுக்குப் பயிற்சி. குழந்தையிடமோ குடும்பத்திடமோ நடக்க வேண்டியது பலன்: வாசிக்க வருவது, எடை கூடுவது, பள்ளிக்கு வருவது. 1969இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யூஎஸ்எய்டுக்காக உருவான, திட்டத்தின் படிகளைக் கட்டம் போட்டுக் காட்டும் லாக்ஃபிரேம் அட்டவணையிலேயே இந்தக் கோடு இருந்தது. இருந்தும் வழங்கலை எண்ணுவது சுலபம் என்பதால் அறிக்கைகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. எண்ணச் சுலபமானதோடு உலகமே ஒருமுறை நின்றிருக்கிறது: 2000இல் வகுத்த புத்தாயிரம் வளர்ச்சி இலக்குகளில் கல்விக்கான இலக்கு எல்லாக் குழந்தைகளும் ஆரம்பக் கல்வியை முடிப்பது. அவர்கள் என்ன கற்றார்கள் என்பது 2015இல் வந்த நீடித்த வளர்ச்சி இலக்குகளில்தான் இலக்கின் வாசகத்துக்குள்ளேயே ஏறியது. பலன்களுக்கும் அப்பால் வரும் நீண்டகால மாற்றமான ‘இம்பாக்ட்’டுக்குத் தாக்கம் என்ற சொல் நிலைத்துவிட்டது, அதை இனி அசைக்க வேண்டாம்.

சொற்பட்டியலுக்கு நான் முன்மொழியும் பதிவு:

மாற்றக் கருதுகோள் – ஒரு திட்டத்தின் செயல்களும் வழங்கல்களும் எந்தெந்தப் படிகள் வழியாக, எந்தெந்த எடுகோள்கள் பலித்தால், யாருடைய வாழ்வில் என்ன பலனைக் கொண்டுவரும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும், சரிபார்க்கத்தக்க விளக்கம்.

‘யாருடைய வாழ்வில்’ என்பதை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். ‘குழந்தைகள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதும் திட்டங்களில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் பதின்பருவத்தினரும் ஒரே பெட்டிக்குள் போய்விடுகிறார்கள். நீளம் அதிகம் என்று தோன்றினால் வேறு எதையாவது வெட்டுங்கள்.

களப் பயிற்சியில் இந்தச் சொல்லைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்றும் இல்லை. ‘இதைச் செய்தால் அது எப்படி நடக்கும்?’ என்று கேட்டுப் பலகையில் அம்பு போட்டுக்கொண்டே போனால் போதும். சொல் ஆவணத்துக்கு.

அடுத்து ‘பேஸ்லைன்’, அதாவது திட்டம் தொடங்கும் முன் எடுத்துவைக்கும் அளவு, காத்திருக்கிறது. ‘அடிக்கோடு’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அது வரிக்கு அடியில் போடுவதாயிற்றே. ‘தொடக்கநிலை’ என்றால் ஆரம்பப் பள்ளியோடு குழம்புகிறது, இந்தக் கையேட்டில் அது பக்கத்துக்குப் பக்கம் வரும். ‘முன்னிலை’ என்றால் இலக்கணக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். ‘தொடக்க அளவீடு’ எப்படி இருக்கிறது? மறுப்பு இருப்பவர்கள் தனி இழையில் எழுதுங்கள்.