ரோமேர் பியர்டனின் கொலாஜ்களில் முகங்கள் ஏன் துண்டுகளாக இருக்கின்றன?

கேள்வி

வரைகலை வடிவமைப்பு பயிலும் நான் அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் ரோமேர் பியர்டனின் கொலாஜ்களை, அதாவது வெட்டிய படங்களை ஒட்டி அமைத்த படைப்புகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். ஒரே முகத்தில் கண் ஒருவருடையதாகவும், வாய் இன்னொருவருடையதாகவும், நெற்றி ஆப்பிரிக்க முகமூடியின் புகைப்படமாகவும் இருக்கிறது. தேர்ந்த ஓவியரான அவர், தம் மக்களின் ஆளுமையைக் காட்ட முழு உருவத்தை விட்டு இவ்வழியை ஏன் மேற்கொண்டார்?

மறுமொழி 1

அமெரிக்கக் கருப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த 1963இல், கருப்பினக் கலைஞர் செய்ய வேண்டியது என்ன என்று விவாதிக்க நியூயார்க்கில் 'ஸ்பைரல்' குழு உருவானது. அனைவரும் சேர்ந்து ஒரு கொலாஜ் செய்யலாம் என்று பியர்டன் முன்மொழிந்தார். மற்றவர்கள் ஆர்வம் காட்டாததால் தனியே தொடர்ந்தார். இதழ்ப் படங்களை வெட்டி ஒட்டிய சிறு கொலாஜ்களைக் கருப்பு வெள்ளையில் பெரிதாக்கி, 1964இல் 'புரொஜெக்‌ஷன்ஸ்' என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார்.

காரணம் அச்சிலேயே இருப்பதாகக் கருதுகிறேன். அமெரிக்காவில் விற்ற ஆன்ட் ஜெமைமா மாவுப் பொட்டலத்தில் சிரித்த பணிப்பெண்ணைப் போல, கருப்பின முகத்தை முழுமையாகவும் பொய்யாகவும் வரைந்து தலைமுறைகளாக விற்றவர்கள் பிறர். அத்தகைய முழுமையை ஏற்க மறுத்த கை கத்தரியை எடுத்தது இயல்பே. நியூயார்க்கில் கருப்பினத்தவர் வாழும் ஹார்லெம் பகுதியின் தெருவும், அவர் பிறந்த வட கரோலினாவின் வயல்வெளியும், ஆப்பிரிக்காவும் ஒரே முகத்தில் சேர்ந்திருக்க வேண்டுமானால், அந்த ஒட்டுகள் வெளியே தெரியத்தான் வேண்டும்.

மறுமொழி 2

முழு உருவமே பொய்யாகிவிடும் என்பதை நான் ஏற்கவில்லை. 1967 முதல், கருப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பேந்தர் கட்சியின் செய்தித்தாளை வடிவமைத்த எமரி டக்ளஸ், துடைப்பம் ஏந்திய பெண்களையும் வறுமையில் வாடும் தாய்மார்களையும் தடித்த கோடுகளால் முழுமையாகவே வரைந்தார். கருப்புடன் ஓரிரு வண்ணங்களே அச்சிட இயன்ற நெருக்கடியில், கடையில் கிடைக்கும் புள்ளித் தாள்களை வெட்டி ஒட்டி நிழல் அமைத்தார். வடிவமைப்பு மாணவர் முதலில் கற்க வேண்டியவர் இவரே என்பேன். தெருவில் செல்பவர் தம் முகத்தை உடனே அடையாளம் காண வேண்டும் என்ற பொறுப்பு அவருடைய ஒவ்வொரு கோட்டிலும் தெரிகிறது.

மறுமொழி 3

அமெரிக்கக் கருப்பினக் கலைஞர் லோர்னா சிம்ப்சனையும் பாருங்கள். 1945இல் சிகாகோவில் தொடங்கிய, கருப்பினத்தவர் தமக்காகவே நடத்திய 'எபனி' இதழின் பழைய விளம்பரங்களிலிருந்து பெண்களின் முகங்களை எடுத்து, கூந்தல் இருந்த இடத்தில் மையின் நிறத்தையோ கனிமப் படிகங்களின் படத்தையோ வைக்கிறார். முகத்தில் கத்தரி படுவதில்லை. அழகுப் பொருள் விற்பவர்கள் கட்டளையிட்ட கூந்தல் மட்டுமே மாறுகிறது. ஆகவே எதை வெட்டுகிறோம் என்பதோடு, வெட்டும் தாளை யார், யாருக்காக அச்சிட்டார்கள் என்பதையும் உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள்.