செங்கல் பட்ட கார் கண்ணாடியும் எஃப்.ஐ.ஆரின் கடைசி வரியும்

வக்கீல், மதுரை:
வண்டி நிறுத்துற தகராறு. எதிர்வீட்டுக்காரர் கோபத்துல செங்கல் எறிஞ்சு கார் முன்கண்ணாடி போச்சு. ரெண்டே வாரத்துல சமாதானம், பணமும் கைமாறியாச்சு. கோர்ட்டுல சமரச மெமோ போட வந்தப்போதான் எஃப்.ஐ.ஆர். கடைசி வரி கண்ணுல பட்டது: பி.என்.எஸ். (புதுத் தண்டனைச் சட்டம்) 324(4), அதாவது சொத்துக்குச் சேதம் பண்றது; பக்கத்துல டி.என்.பி.பி.டி.எல். (தமிழ்நாட்டோட சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம்) 3(1).

324(2), 324(4) ரெண்டும், நஷ்டம் தனியாருக்கு மட்டும்னா, குற்ற நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 359-ல சமரசம் பண்ணிக்கலாம். பாதிக்கப்பட்டவர் சம்மதம் போதும், பலன் விடுதலைக்குச் சமம். 1992-ஆம் வருஷ டி.என்.பி.பி.டி.எல். சட்டத்துல அந்த வழியே இல்லை. தண்டனை குறைஞ்சது ஒரு வருஷம், அதிகபட்சம் அஞ்சு. அதனால ஹைகோர்ட்டுல பி.என்.எஸ்.எஸ். 528 மனு போட்டு வழக்கை ரத்து பண்ணணும். புகார்தாரர் ஆதாரோட நேர்ல வந்து சம்மதம் சொல்லணும். எஃப்.ஐ.ஆர். நகல் கையில வந்த அன்னைக்கே பிரிவுகளை ஒவ்வொண்ணா படிங்க.

கார் டேமேஜ் சர்வேயர்:
324(4) எப்படி வந்ததுன்னு முதல்ல கேளுங்க. சேதம் 20,000 ரூபாய்க்குக் கீழேன்னா 324(2), ஆறு மாசம் வரை. 20,000-ல இருந்து ஒரு லட்சத்துக்குள்ளன்னா 324(4), ரெண்டு வருஷம் வரை. எல்லாம் கொட்டேஷன் போடுற விதத்துல இருக்கு. இதே மாதிரி ஒரு கார்ல கண்ணாடியோட பானெட் பெயிண்டிங்கும் சேர்த்து 22,000 போட்டிருந்தாங்க. பானெட் கீறல்ல விரல் வச்சா பழுப்பா துரு ஒட்டுது. புதுக் கீறல்னா தகரம் பளிச்சுன்னு இருக்கும், அப்போ இது பழைய கீறல். அந்தத் துருவை யாரும் போட்டோ எடுக்கலை.

முன்கண்ணாடி லேமினேட்டட், உடைஞ்சாலும் உதிராது. கல் பட்ட இடத்துல சின்னக் குழி விழும், நகம் மாட்டும், செங்கல்னா சிவப்புத் தூள் இருக்கும். குழியே இல்லாம ஓரத்துல இருந்து விரிசல் ஓடினா அது எறிஞ்சதால வந்ததில்லை, அழுத்தத்துல வந்தது. துடைக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு நாணயம் வச்சு போட்டோ எடுங்க.

ஓய்வு பெற்ற எஸ்.ஐ.:
வக்கீல் சார், மன்னிக்கணும். ஹைகோர்ட் வரைக்கும் போற நிலைமையே ஸ்டேஷன்ல நடக்கிற தப்பாலதான் வருது. 324(2) போலீஸ் தானா விசாரிக்கிற குற்றமில்லை. பி.என்.எஸ்.எஸ். 174-படி புகாரைப் பதிஞ்சு மாஜிஸ்ட்ரேட்கிட்ட அனுப்பணும், அவர் உத்தரவு இல்லாம விசாரணை கிடையாது. ஸ்டேஷன்ல தர்ற சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினா வழக்கு ஆயிடுச்சுன்னு ரெண்டு தரப்பும் நினைக்கிறாங்க. ரசீதுங்கிறது புகார் வந்ததுக்கு அத்தாட்சி, அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போறதா இருந்தா ஒரு வருஷத்துக்குள்ள போகணும், பி.என்.எஸ்.எஸ். 514-ல காலக்கெடு இருக்கு.

இன்னொண்ணு, கை தவறி விழுந்ததுக்கு இந்தப் பிரிவே பொருந்தாது. நஷ்டம் வரும்னு தெரிஞ்சே, இல்லேன்னா வேணும்னே செஞ்சிருக்கணும். மாடியில இருந்து பூந்தொட்டி தவறி விழுந்தா அது சிவில் விவகாரம்.

சமாதானக் கடிதத்துல “குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்”னு எழுதவே கூடாது. “சேதத்துக்கு இவ்வளவு தொகை தரச் சம்மதிக்கிறேன்”னு எழுதினா போதும். பணத்தை யு.பி.ஐ.-ல அனுப்பி, அந்தப் பரிவர்த்தனையோட யு.டி.ஆர். எண்ணைக் கடிதத்துல எழுதுங்க. வாங்கினவர் கையெழுத்து, ரெண்டு சாட்சி. முத்திரைத்தாள்ல எழுதிட்டா வழக்கு தானா முடியாது, கோர்ட்டுல மெமோ போடணும். போலீஸ் ஆஜராகச் சொல்ற பி.என்.எஸ்.எஸ். 35(3) நோட்டீஸ் வந்தா சொன்ன தேதிக்கு ஆஜராகுங்க. ஆஜரானவரைக் கைது பண்ணணும்னா காரணம் எழுதி வைக்கணும்.

சிசிடிவி இருந்தா அன்னைக்கே பென்டிரைவ்ல எடுங்க. ஹார்ட் டிஸ்க் நிறைஞ்சா டி.வி.ஆர். (பதிவு பண்ற பெட்டி) பழசு மேலேயே எழுதிடும். அதைக் கோர்ட்டுல காட்ட பி.எஸ்.ஏ. (சாட்சியச் சட்டம்) 63 சான்றிதழ் வேணும், ரெண்டு பாகமும்.

கார் டேமேஜ் சர்வேயர்:
ஒண்ணு விட்டுப்போச்சு. எதிர்வீட்டுக்காரர்கிட்ட முழுப் பணமும் வாங்கிட்டு இன்ஷூரன்ஸ்லயும் கிளெய்ம் போடாதீங்க. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாங்க, சரி. ஆனா கிளெய்ம் போட்டா என்.சி.பி. (கிளெய்ம் போடாததுக்குக் கிடைக்கிற பிரீமியத் தள்ளுபடி) போகும், அது 50 சதவீதம் வரைக்கும் இருக்கும். கண்ணாடி விலையையும் அடுத்த வருஷ பிரீமியத்துல கூடப்போற தொகையையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் பார்த்துட்டு எந்தப் பணம் வேணும்னு முடிவு பண்ணுங்க.