மரத்தொட்டிக்கு உத்திரமா?

ரவி: சனிக்கிழமை ஆசாரி வர்றார். வெந்நீர்த் தொட்டிக்கு எந்த மரம்னு இன்னைக்கே சொல்லணும். பழைய வீட்டுத் தேக்கு உத்திரத்தை அறுத்துக்கலாமா?

செல்வி அக்கா: எந்தத் தொட்டி?

அம்மா: அப்பா முட்டி வலிக்கு. இறங்கி கழுத்தளவு உக்கார்ற மாதிரி

அத்தை: அந்த உத்திரம் யாருக்குன்னு எப்போ முடிவாச்சு?

மணி சித்தப்பா: தேக்குன்னா கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம் ரவி. வைரம் பாய்ஞ்ச பகுதி மட்டும். ஓரத்து வெள்ளைக்கட்டை ஈரத்துல சீக்கிரம் உளுத்துடும், செடார் மரத்துலயும் அப்படித்தான். பழைய மரம் நல்லா காஞ்சிருக்கும், அதான் நமக்கு வேணும். காஞ்ச பலகை தண்ணி குடிச்சு ஊதி, ஒண்ணையொண்ணு நெருக்கி இடுக்கை அடைச்சிடும். பசை, ஆணி எதுவும் வேணாம். சுத்தி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டை போட்டு இறுக்கணும். அடியில தண்ணி அழுத்தம் ஜாஸ்தி, அங்க பட்டை நெருக்கமா வரட்டும்

பெரியப்பா: 👍

செல்வி அக்கா: ஆணி இல்லாம ஒழுகாதா?

மணி சித்தப்பா: முதல்ல கசியும். ரொப்பியே வச்சா சில நாள்ல நின்னுடும். பயந்துபோய் சிலிக்கான் பூசிடாதீங்க. தொட்டி வட்டமா வர்றதுக்கு பலகை ஓரத்தைச் சாய்வா இழைக்கணும். அந்தச் சாய்வுக்கு 180-ஐ பலகை எண்ணிக்கையால வகுத்துக்கோ. 30 பலகைன்னா ஓரத்துக்கு 6 டிகிரி

செல்வி அக்கா: கணக்கு டியூஷன் ஆரம்பம் 😂 மொட்டை மாடில வைடா, காத்தா இருக்கும்

மணி சித்தப்பா: வேணவே வேணாம்!! 1.8 மீட்டர் அகலம், 1 மீட்டர் தண்ணின்னாலே 2.5 டன். ஆள் எடை தனி. கீழ கான்கிரீட் தளம் போடு. அடிப்பலகையைச் சுத்துப் பலகையில வெட்டின காடிப் பள்ளத்துல உக்கார வச்சு, அதுக்கு அடியில கட்டை கொடு. மொத்த எடையும் அந்தக் கட்டையில நிக்கணும். சுத்துப் பலகை தரையைத் தொடவே கூடாது

அத்தை: எங்க அப்பா நின்னு ஏத்தின உத்திரம். வெந்நீர்ல ஊறப்போடவா?

அம்மா: யார் காலுக்கு அண்ணி? உங்க தம்பி காலுக்குத்தானே

பெரியப்பா: அதுல ஆணி இருக்கும். ஊஞ்சல் கொக்கிக்கு நான்தான் அடிச்சேன்

அத்தை: அந்த ஊஞ்சல் இப்போ யார்கிட்ட?

செல்வி அக்கா: போச்சு 🙈

ரவி: சித்தப்பா, ஆணி ஓட்டை?

மணி சித்தப்பா: அந்தத் துண்டைத் தள்ளிடு, ஓட்டை ஊதி அடையாது. பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், பூசின பக்கமும் வேணாம். உள்பக்கம் வார்னிஷ் அடிக்க விடாதே

அம்மா: சூடு எவ்வளவு வைக்கலாம்?

மணி சித்தப்பா: 40 டிகிரிதான் உச்சம், அண்ணி. அண்ணனுக்கு பிரஷர் இருக்கு, டாக்டரைக் கேட்டுட்டுதான் இறங்கணும். குழந்தைங்க வந்து போற வீடு, பூட்டு வச்ச மூடியும் சேர்த்துச் சொல்லிடுங்க

அம்மா: அவர் எங்க டாக்டர்கிட்ட வர்றார்

அப்பா: நானும் இந்தக் குரூப்லதான் இருக்கேன். எனக்கு ஒரு வாளி வெந்நீர் போதும்னு அன்னைக்கே சொன்னேன்

ரவி: அப்பா 🙏 அத்தை, நாளைக்கு வந்து உத்திரத்தைப் பாருங்க. வேணாம்னா செடார் சொல்லிடறேன்

அத்தை: வர்றேன். அதுவரைக்கும் ரம்பம் வைக்காதே

பெரியப்பா: ஊஞ்சல் பலகை எங்க வீட்டுப் பரண்ல இருக்கு

அத்தை: ஓ