டயாப்லோ 4, பாத் ஆஃப் எக்ஸைல் 2, லாஸ்ட் எபாக்: எதில் நேரத்தைப் போடலாம்?

ராப்பாடி கேட்டது:

இந்த மூன்று கணினி ஆட்டங்களில் ஒன்றைத்தான் வாங்கப்போகிறேன். இராத்திரி ஒரு மணி நேரம், ஞாயிறு கொஞ்சம் கூட, அவ்வளவுதான் கிடைக்கும். மெஷின்: ஜிடிஎக்ஸ் 1650 போட்ட லேப்டாப், 4 ஜிபி விடியோ மெமரி, 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி. நெட் வைஃபைதான், அவ்வப்போது பிங் எகிறும். பழைய டயாப்லோ 2 விளையாட்டெல்லாம் தெரியும், அதனால் அடிப்படை சொல்ல வேண்டாம். "கிராஃபிக்ஸ் சூப்பர்" ரகப் பதிலும் வேண்டாம். எதில் எது பலம், எங்கே போய் மாட்டிக்கொள்வோம், அதைச் சொல்லுங்கள்.

மரங்கொத்தி:

ராப்பாடி, மூன்றுமே அரக்கர்களை அடித்துப் பொருள் பொறுக்கும் ஆட்டம்தான். தரையில் விழுந்த பொருளை அப்புறம் என்ன செய்ய முடியும் என்பதில்தான் மூன்றும் மூன்று வழியாகப் பிரிகின்றன.

லாஸ்ட் எபாக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் கிராஃப்டிங்கில், அதாவது கிடைத்த பொருளை நாமே மெருகேற்றுவதில், அதுதான் நேர்மையானது. ஒவ்வொரு பொருளிலும் நான்கு கூடுதல் குணம், அதாவது அஃபிக்ஸ்: இரண்டு பிரிஃபிக்ஸ், இரண்டு சஃபிக்ஸ். கூடவே ஃபோர்ஜிங் பொட்டென்ஷியல் என்று ஓர் எண். அஃபிக்ஸை ஒரு படி ஏற்றும் ஒவ்வொரு முறையும் அந்த எண் கொஞ்சம் குறையும், எவ்வளவு என்பது குலுக்கல். பூஜ்யம் ஆனால் அந்தப் பொருளில் வேலை முடிந்தது. கிராஃப்ட் செய்து 5ஆம் படி வரைதான் ஏற்றலாம். 6, 7 படிகள் கீழே விழுந்து கிடைத்தால்தான் உண்டு, அவைதான் எக்ஸால்டட். கிளிஃப் ஆஃப் ஹோப் என்ற துணைப் பொருளைப் போட்டு ஏற்றினால் 25% வாய்ப்பில் பொட்டென்ஷியல் செலவாகாது. 4, 5ஆம் படிக்கு ஏற்றும்போது அதை விடாமல் போடுங்கள். வேண்டாத பொருள்களை ரூன் ஆஃப் ஷாட்டரிங்கால் உடைத்தால் ஷார்டு (அஃபிக்ஸ் ஏற்றத் தேவையான துண்டு) கிடைக்கும், மூலதனமே அதுதான்.

தவறும் இடம் ரூன் ஆஃப் ரிமூவல். எந்த அஃபிக்ஸைக் கழற்றும் என்பது நம் கையில் இல்லை. நான்கு அஃபிக்ஸ் உள்ள பொருளில் உங்கள் ஏழாம் படியே போக நாலில் ஒரு வாய்ப்பு. 7ஆம் படி இருக்கிற பொருளில் அதைத் தொடாதீர்கள். மற்ற மூன்றில் ஏதாவது உருப்படியாக இருந்தால் அதை மட்டும் ஏற்றிவிட்டு நிறுத்துங்கள்.

பாத் ஆஃப் எக்ஸைல் 2இல் கதை வேறு. மூன்று பிரிஃபிக்ஸ், மூன்று சஃபிக்ஸ். வெள்ளைப் பொருளுக்கு டிரான்ஸ்மியூட்டேஷன் ஓர்ப், பிறகு ஆக்மென்டேஷன், பிறகு ரீகல், பிறகு எக்ஸால்டட் (இது ஓர்ப்பின் பெயர், லாஸ்ட் எபாக்கின் எக்ஸால்டட் பொருள் வேறு). ஒவ்வொன்றும் ஒரு குணத்தைக் குருட்டடியாகச் சேர்க்கும். நீல நிலையில் இரண்டு குணமும் உதவாக்கரை என்றால் அங்கேயே தூக்கிப் போடுங்கள். "ரீகல் அடித்துப் பார்ப்போமே" என்று போகிறவர்கள்தான் கதையின் மூன்றாம் ஆக்டில் கை காலியாக நிற்கிறார்கள். முதல் முறை ஆடும்போது ஓர்பெல்லாம் பெரும்பாலும் ஆயுதத்துக்குப் போகட்டும், ஏனென்றால் அடி ஸ்கில்லின் சேதம் ஆயுதத்தின் அடிப்படை எண்ணில்தான் நிற்கிறது. லெவல் ஏறும்போதெல்லாம் ஊர்க் கடைக்காரரிடம் சரக்கு மாறும். இதைப் பார்க்காமல் ஓடுகிறவர்கள்தான் "பாஸ் சாகவே மாட்டேங்குது" என்று புலம்புவது.

டயாப்லோ 4இல் 2024 மே மாதம் வந்த நாலாவது சீசனில்தான் பொருள் விஷயம் உருப்பட்டது. டெம்பரிங் (பொருளில் புதுக் குணம் சேர்ப்பது), மாஸ்டர்வொர்க்கிங் (இருக்கும் குணத்தை வலுவாக்குவது) இரண்டும் அப்போதுதான் வந்தன. ஆனால் அப்போது டெம்பரிங்கில் குலுக்கலும் இருந்தது, முயற்சிக்கு வரம்பும் இருந்தது. கிரேட்டர் அஃபிக்ஸ் (வழக்கத்தைவிட வலுவான குணம்) உள்ள நல்ல பொருள் நாலு குலுக்கலில் குப்பையானது. 2025 டிசம்பர் சீசனில் இதைத் திருத்திவிட்டார்கள், வேண்டிய குணத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். பழைய கைடு படித்துவிட்டு டெம்பரிங்குக்குப் பயப்பட வேண்டாம். யூடியூபில் பாதி விடியோ இன்னும் பழைய முறையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கல்தச்சன்:

மரங்கொத்தி கிராஃப்டோடு நிறுத்திவிட்டார். உங்கள் மெஷினையும் நெட்டையும் வைத்துப் பார்த்தால் தீர்ப்பு வேறு மாதிரி வரும்.

டயாப்லோ 4 மூன்றிலும் இலேசாக ஓடும். இன்ஸ்டால் செய்யும்போது ஹை ரெசல்யூஷன் அசெட்ஸ் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள், உங்கள் 4 ஜிபிக்கு அது வெறும் பாரம். டிஸ்கிலும் இடம் மிச்சம். டெக்ஸ்சர் மீடியம். ஊருக்குள் நுழையும்போது திக்குவது பெரும்பாலும் விடியோ மெமரி நிரம்புவதால்தான், பிராசசரை வைய வேண்டாம்.

எக்ஸைல் 2 இந்த மெஷினில் முக்கும். லைட்டிங்கில் குளோபல் இல்லுமினேஷனை எடுத்துவிட்டு வெறும் ஷேடோஸ் வையுங்கள். டைனமிக் ரெசல்யூஷன் ஆன். வல்கன், டைரக்ட்எக்ஸ் 12 இரண்டையும் மாற்றிப் பார்த்து எது சரியோ அதில் நில்லுங்கள், கார்டுக்குக் கார்டு இது மாறும். சவுண்ட் சேனலைக் குறைத்தால் கூட்டம் நெருக்கும் இடத்தில் பிராசசருக்கு மூச்சு வரும். இவ்வளவும் செய்தாலும் கதை முடிந்த பின் வரும் எண்ட்கேம் மேப்பில் பிரீச் (அரக்கர் கூட்டம் கொட்டும் பிளவு) திறக்கும்போது படம் ஒரு நொடி நின்றுதான் வரும்.

பிங்குக்கும் அதில் ஒரு அமைப்பு உண்டு. லாக்ஸ்டெப் என்றால் சர்வர் சரி சொன்ன பிறகே பாத்திரம் நகரும். திரையில் தெரிவது உண்மை, ஆனால் பாக்கெட் விழுந்தால் உறைந்து நிற்கும். பிரிடிக்டிவ் என்றால் வழுக்கிக்கொண்டு போகும், நீங்கள் நிற்கிற இடமும் சர்வர் நினைக்கிற இடமும் வேறாகிவிடலாம். நிலையான 90 பிங்குக்கு லாக்ஸ்டெப் போதும். வைஃபை எகிறுகிறது என்றால் பிரிடிக்டிவ், கூடவே உருண்டு தப்பிக்கும் டாட்ஜ் ரோலை நம்பி வாழாத பில்ட் (பாத்திரத்தின் ஸ்கில், உடுப்பு அமைப்பு). ரோலை மில்லிநொடி பார்த்து அடிக்க வேண்டிய பாஸ்கள் அதில் நிறைய. மேப்பில் ஒரு சாவுக்கு அந்த லெவலின் அனுபவத்தில் 10% போகும். இராத்திரி ஒரு மணி நேரம் ஆடுகிறவருக்கு அது அன்றைய கூலி முழுதும்.

லாஸ்ட் எபாக்கில் முழு ஆஃப்லைன் இருக்கிறது. உங்களுக்கு இதுவே பெரிய காரணம். ஆனால் ஆஃப்லைன் பாத்திரத்தைப் பிறகு ஆன்லைனுக்குக் கொண்டுபோக முடியாது, தொடங்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். டயாப்லோ 4, எக்ஸைல் இரண்டுக்கும் தனியாக ஆடினாலும் நெட் வேண்டும்.

ராப்பாடி:

நன்றி இருவருக்கும். இரண்டு சந்தேகம். ட்ரேட் எனக்குப் பிடிக்காது, கிடைத்ததை வைத்து ஆடத்தான் ஆசை. அப்படியென்றால் எக்ஸைல் 2 கழன்றுவிடுமா? அடுத்தது, பில்ட் தப்பாகப் போனால் திருத்த எவ்வளவு செலவு? எக்ஸைல் ஒன்றில் ரிக்ரெட் ஓர்ப் தேடி அலைய வேண்டும் என்று கேள்வி.

ஏழாம்_படி:

ரிக்ரெட் ஓர்ப் கதை பழசு. எக்ஸைல் ஒன்றிலேயே 2024 ஜூலை லீக்கில் தங்கம் வந்து, அதைக் கொடுத்தும் திறன் மரத்தில் போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்கலாம் என்றாகிவிட்டது. இரண்டாவதில் ஆரம்பத்திலிருந்தே தங்கம்தான். லெவல் ஏற ஏற ஒரு புள்ளியின் விலை ஏறும், அதனால் மரத்தைத் திருத்துவதானால் சீக்கிரம் திருத்துங்கள். டயாப்லோ 4இலும் தங்கம். 2025 தொடக்கத்தில் ஆர்மரி வந்த பிறகு ஐந்து பில்ட் வரை சேமித்து மாற்றலாம். இந்த ஒரு விஷயத்தில் டயாப்லோவை யாரும் தொட முடியாது. லாஸ்ட் எபாக்கில் ஸ்கில் மரத்தின் புள்ளியைக் கழற்றினால் அந்தப் புள்ளி போய்விடும், மறுபடி ஆடி ஏற்ற வேண்டும். ஆனால் வேகமாகவே ஏறும்.

ட்ரேட் இல்லாமல் எக்ஸைல் 2? முடியும், ஆனால் அந்த ஆட்டத்தின் விழுதல் விகிதமே சந்தை இருக்கிறது என்று வைத்து அமைத்தது. தனியாக ஆடும் லீக்குக்கென்று கூடுதல் லூட் எதுவும் தருவதில்லை. லாஸ்ட் எபாக்கில் இதற்கு நேர்மாறு: சர்க்கிள் ஆஃப் ஃபார்ச்சூன், மெர்ச்சன்ட்ஸ் கில்ட் என இரண்டு கட்சி. முதலாவதில் சேர்ந்தால் சந்தை கிடையாது, பதிலுக்கு லூட் பெருகும். ஆஃப்லைனில் அது ஒன்றுதான் உண்டு. நீங்கள் கேட்டதற்கு அளவெடுத்துத் தைத்தது.

ஆனால் எல்லோரும் விட்டுவிட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எந்த ஆட்டத்தில் செத்தாலும் முதலில் ரெஸிஸ்டை, அதாவது சேதத்தைத் தடுக்கும் சதவீதத்தை, பாருங்கள். எக்ஸைல் இரண்டு பாகத்திலும் கதை முடிவதற்குள் எலிமென்டல் (தீ, குளிர், மின்னல்) ரெஸிஸ்ட் மொத்தம் 60 குறைந்துவிடும். உச்சவரம்பு 75. அதாவது உடுப்பிலிருந்தும் மரத்திலிருந்தும் ஒவ்வொன்றுக்கும் 135 சேர்க்க வேண்டும். 75க்குப் பதில் 60இல் நின்றால் என்ன குறைந்துவிடும் என்று தோன்றும். 100 சேதத்தில் 25 வாங்க வேண்டிய ஆள் 40 வாங்குகிறார், அறுபது சதவீதம் அதிக அடி.

ஆர்மரிலும் இப்படி ஒரு பொறி. எக்ஸைல் ஒன்றில் கணக்கு இது: ஆர்மரை, ஆர்மரும் அடியின் ஐந்து மடங்கும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 10,000 ஆர்மர் வைத்து 2,000 அடி வாங்கினால் பாதி குறையும். அதே ஆர்மரில் 10,000 அடி விழுந்தால் 17% கூடக் குறையாது. ஆக, சில்லறை அடிக்கு ஆர்மர், பாஸ் அடிக்கு உயிர் அளவு. இரண்டாவது பாகத்தில் அந்த மடங்கு ஐந்தைவிட அதிகம், ஆர்மர் இன்னும் நொஞ்சான்.

லாஸ்ட் எபாக்கிலும் வரம்பு 75தான், ஆனால் ஃபிசிக்கல், நெக்ரோடிக், பாய்சன், வாய்டு சேர்த்து ஏழு வகை. கூடவே கிரிட்டிக்கல் ஸ்ட்ரைக் அவாய்டன்ஸை (எதிரியின் கிரிட்டிக்கல் அடியைத் தவிர்க்கும் வாய்ப்பு) 100க்குக் கொண்டுவாருங்கள். எண்ட்கேமின் கடினத்தைக் கூட்டும் கரப்ஷன் எண்ணை ஏற்றும்போது திடீரென்று ஒரே அடியில் சாகிறவர்களில் பலருக்கு இதுதான் ஓட்டை.

கல்தச்சன்:

ஏழாம்_படி, எல்லாம் சரி, ஆனால் லாஸ்ட் எபாக்கின் குறையையும் சொல்லிவிட வேண்டாமா? எண்ட்கேமான மோனோலித்தில் பத்து டைம்லைன் (பாதை), அதே எக்கோ (சிறு மேப்), அதே பாஸ், கரப்ஷன் எண் மட்டும் கூடும். சத்தமும் அடியின் கனமும் டயாப்லோ பக்கத்தில்கூட வராது. ஒரு பார்பேரியன் ஸ்லாம் அடித்தால் டயாப்லோவில் தரை அதிர்கிறது. இங்கே எண் மட்டும் பறக்கிறது. கதையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மரங்கொத்தி:

அதிர்கிறது சரி, எதற்காக அதிர்கிறது? 2024 அக்டோபர் மாற்றத்தில் டயாப்லோவில் லெவல் 60 ஆனதும் பிட் என்ற நிலவறையின் 20ஆம் படியை முடித்தால் டார்மென்ட் என்ற கடின நிலையில் ஒன்று, 35, 50, 65 முடித்தால் அடுத்தடுத்தது என்று வைத்தார்கள். அப்போது ஒவ்வொரு டார்மென்ட்டிலும் ஆர்மரும் ரெஸிஸ்டும் இறங்கின. கிளிஃப் என்ற வலுவூட்டியை (லாஸ்ட் எபாக்கின் கிளிஃப் வேறு) 45க்கு ஏற்றி லெஜண்டரி ஆக்கும்வரை பிட்டையே திரும்பத் திரும்ப ஓட வேண்டும். மோனோலித்தைச் சலிப்பு என்றால் இதுவும் சலிப்புத்தான். நியாயமாகச் சொன்னால், ஒரு மணி நேரத்துக்குள் ஒரு முழுச் சுற்று முடித்து எழுந்திரிக்க டயாப்லோவில் வசதி. எக்ஸைலில் பொருளை அடுக்கவே அரை மணி நேரம் போய்விடும்; வேண்டாத பொருளை மறைக்கும் ஃபில்டர் போடாமல் ஆரம்பித்தால் சொல்லவே வேண்டாம். நெவர்சிங்க் ஃபில்டரை எக்ஸைலின் தளத்திலேயே ஃபாலோ செய்தால் ஆட்டத்துக்குள் வந்துவிடும்.

பழைய_பெட்டி:

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும்: கிரிம் டான், இதே ரக ஆட்டம். 2016இல் வந்தது, ஜிடிஎக்ஸ் 1650இல் தாராளமாக ஓடும், நெட் தேவையில்லை, சேவ் ஃபைல் உங்கள் டிஸ்கில். இரண்டு மாஸ்டரியை (பாத்திர வகையை) கலக்கலாம், டெவோஷன் என்ற கூடுதல் திறன் மரத்துக்கு 55 புள்ளி. ரெஸிஸ்ட் வரம்பு 80; அல்டிமேட் என்ற உச்சக் கடின நிலையில் எதிரிகள் அதைக் குறைப்பார்கள் என்பதால் 20, 30 உபரியாக வைத்திருங்கள். ஃபேக்ஷன் (ஆட்டத்துக்குள் உள்ள குழு) கடையில் கிடைக்கும் ஆக்மென்ட்டை எல்லா உடுப்பிலும் ஒட்டினால் இந்தத் தொல்லை பாதி தீரும். குறை: முதல் இருபது லெவல் ஆமை வேகம். தள்ளுபடியில் மற்ற மூன்றையும்விட மலிவாகக் கிடைக்கும்.

ராப்பாடி:

லாஸ்ட் எபாக், ஆஃப்லைன் என்று முடிவு செய்துவிட்டேன். கிரிம் டான் விஷ்லிஸ்டில். லெஜண்டரி பொட்டென்ஷியல் என்கிறார்களே, அதில் ஏமாறாமல் இருக்க ஏதாவது?

ஏழாம்_படி:

யூனிக் பொருளில் 1 முதல் 4 வரை லெஜண்டரி பொட்டென்ஷியல் இருந்தால், டெம்பரல் சாங்க்டம் டஞ்சனில் ஜூல்ராவைக் கொன்றபின் அதே வகை எக்ஸால்டட் பொருளோடு சேர்க்கலாம். எக்ஸால்டட்டில் நான்கு அஃபிக்ஸும் நிரம்பியிருக்க வேண்டும். பொட்டென்ஷியல் எத்தனையோ அத்தனை அஃபிக்ஸ் குலுக்கலில் ஏறும். ஒன்று என்றால் உங்களுக்கு வேண்டியது வர 25%. இரண்டு என்றால் குறிப்பிட்ட ஒன்று வர 50%, குறிப்பிட்ட இரண்டும் சேர்ந்து வர ஆறில் ஒன்று. மூன்று என்றால் குறிப்பிட்டது வர 75%.

ஆகவே ஒரே ஒரு ஏழாம் படியும் மூன்று குப்பையும் உள்ள பொருளைக் கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோகும் முன் மிச்சமிருக்கும் ஃபோர்ஜிங் பொட்டென்ஷியலை மற்ற மூன்றில் செலவழித்து, எது ஏறினாலும் பரவாயில்லை என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள். உள்ளே பெட்டியில் வைத்து மூடிய பிறகு திரும்ப எடுக்க வழி கிடையாது, எக்ஸால்டட் போனது போனதுதான். இரண்டு பொட்டென்ஷியல் உள்ள யூனிக் கையில் இருந்து, சரியான எக்ஸால்டட் இல்லை என்றால் ஸ்டாஷில் போட்டு வையுங்கள். டஞ்சன் சாவி எங்கும் ஓடிப்போகாது.