கல் கூட்டைத் தகட்டுல பத்தவைக்கும்போது பழைய ஒட்டு விட்டுப்போகுது: உதவி வேணும்

ஆரல்வாய்மொழி மாணவி:
வணக்கம். கல்லூரியில வேதியியல் படிக்கிறேன். வெள்ளி வேலை என் சொந்த ஆசை. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு கிடைச்சிருக்கு. நம்ம ஊர்க் கைவேலை நமக்கே தெரியாம போகக்கூடாதுன்னு தோணிச்சு. வடசேரியில ஒரு ஆசாரி, விடுமுறை நாள்ல அரம் போடவும் கம்பி இழுக்கவும் சொல்லித் தந்தாங்க. மிச்சத்தை வீட்டுல பழகுறேன்.

இப்போ பரதத்துக்குத் தலையில வைக்கிற சந்திரப்பிறை சின்னதா ஒண்ணு செய்றேன், நடுவுல ஒரு சிவப்புக் கெம்பு. கல்லைப் பிடிக்கிற கூட்டுக்கு 925 வெள்ளிப் பட்டையை (ஆயிரத்துல 925 பங்கு வெள்ளி, மிச்சம் பெரும்பாலும் செம்பு) வளைச்சு, முனை ரெண்டையும் பத்தவைக்கிற பொடி (உருகி ஒட்டுற வெள்ளிக் கலவை) வச்சுத் தீ ஊதினா கூடு நல்லா பிடிக்குது. அதைப் பிறைத் தகட்டுல வச்சு ஊதும்போதுதான் சிக்கல். பொடி தகட்டுல ஓடாம கூட்டு மேல ஏறுது. சூட்டைக் கூட்டினா முதல் ஒட்டு பிளந்துடுது. புளித்தண்ணியில கொதிக்கவிட்டு எடுத்தா ரோஸ் நிறம் வேற படியுது. கேஸ் டார்ச், சிரட்டைக்கரி, வெங்காரம் (போராக்ஸ்) எல்லாம் இருக்கு. ரெண்டு ஒட்டுக்கும் ஒரே பொடிதான்.

வடசேரி, நகை வேலை:
மக்களே, எங்க இருந்து ஊதுற? உள்ளயா, வெளியவா?

ஆரல்வாய்மொழி மாணவி:
வெளிய, படிப்புரையில அண்ணாச்சி. மத்தியானம்தான் நேரம் கிடைக்கும்.

வடசேரி, நகை வேலை:
பாதிச் சிக்கல் அதுதான். பக்கத்து முப்பந்தல்ல காற்றாலையைச் சுத்துற காத்து உனக்க படிப்புரைக்கும் வரும்லா. ஒரு பக்கம் நீ சூடாக்க, மறுபக்கம் காத்து ஆத்திட்டே இருக்கும். வெள்ளி சூட்டை உடனே உடம்பு முழுக்கக் கடத்திரும். அதனால முழுச் சாமானும் ஒண்ணா காயணும். இன்னொண்ணு, மத்தியான வெளிச்சத்துல வெள்ளிக்க நிறம் தெரியாது. மங்கின சிவப்பு வருதான்னு பாத்துதான் நாங்க கையை நிறுத்துவோம். உள்ள இருட்டு மூலையில வை. சன்னலைத் திறந்து வை, ஆனா காத்து தீயில நேரா அடிக்கக் கூடாது.

பொடி எப்பவும் சூடு கூடின பக்கம்தான் ஓடும். கூடு மெலிசு, சட்டுனு காயும். தகடு கனம், மெதுவா காயும். நீ மேலருந்து தீ காட்டுற, கூடு முந்திக்குது, பொடியும் அங்கேயே ஏறுது. தகட்டைக் கம்பி வலையில வச்சு அடியில இருந்து காட்டு. வெங்காரத்தைக் கல்லுல தண்ணி விட்டு உரசி, பால் மாதிரி வந்ததும் பூசு. முதல்ல அது பொங்கும், அவசரப்படாதே. பொறவு அடங்கி கண்ணாடி மாதிரி தெளியும். தகடு சிவக்கத் தொடங்கினா கூட்டுக்க அடியைச் சுத்தி ஒரு பளிச்சுனு வெள்ளிக் கோடு ஓடும். ஓடினதும் தீயை எடுத்துரு. முதல் ஒட்டு மேல காவி மண்ணைக் குழைச்சுப் பூசிட்டா பொடி அங்க ஓடாது.

தக்கலை, வேதியியல் ஆசிரியை:
அண்ணாச்சி சொன்னதோட பொடியையும் மாத்தணும்மா. முதல் ஒட்டுக்குக் கடினப்பொடி: வெள்ளி 75, செம்பு 22, துத்தநாகம் 3 பங்கு. இது 741 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 788-ல் முழுசா உருகும். ரெண்டாவதுக்கு இளம்பொடி: வெள்ளி 65, செம்பு 20, துத்தநாகம் 15. இது 671 முதல் 718-க்குள் ஓடிரும். அப்போ பழைய ஒட்டு அசையாது. கூட்டுக்கு 925 வேண்டாம், சுத்த வெள்ளிப் பட்டை வாங்கு. 961 டிகிரி வரை உருகாது, செம்பு இல்லாததால தீயில கறுக்கவும் செய்யாது, கல்லு மேல மடக்கவும் லேசா வளையும்.

ரோஸ் நிறம் செம்புப் படிவு. இரும்புக் குறடால எடுக்குறியா? புளித்தண்ணியில கரைஞ்ச செம்பை இரும்பு வெளியே தள்ளி வெள்ளி மேல படியவைக்கும். மரக்குச்சியோ செம்பு இடுக்கியோ போதும். பழைய புளித்தண்ணியையும் மாத்திரு.

பொடி வாங்கும்போது காட்மியம் கலக்காததுன்னு கேட்டு வாங்கு. கேடிஎம்னு சொல்றதும் காட்மியம்தான், அது கலந்த பொடி மலிவா கிடைச்சாலும் தொடாதே. காட்மியம் 767 டிகிரியிலேயே கொதிக்கும், அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இது விஷயத்துல விட்டுக்கொடுக்காதே.

ஆரல்வாய்மொழி மாணவி:
இரும்புக் குறடுதான் டீச்சர், மாத்திட்டேன். உள்ள வச்சு, அடியில இருந்து காட்டினேன். அந்தக் கோடு ஓடினதைக் கண்ணால பாத்தேன் அண்ணாச்சி! முதல் ஒட்டு அப்படியே நிக்குது. ஒரு ஓரத்துல மட்டும் மயிரிழை இடைவெளி. இன்னும் கொஞ்சம் பொடி வச்சு அடைக்கலாமா?

வடசேரி, நகை வேலை:
கொள்ளாம் மக்களே. அடைக்காண்டாம். இடைவெளியைப் பொடி நிரப்பாது, ரெண்டும் ஒட்டி நின்னாதான் இடுக்குல இழுத்துப் போகும். சூடாக்கிக் கூட்டை எடுத்துரு. கண்ணாடி மேல உப்புத்தாளை விரிச்சு, கூட்டுக்க அடியைத் தேச்சு சமமாக்கு. தகட்டுல வச்சு வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பாரு, ஒளி கசியப்படாது. கழுவின பொறவு விரல் படாம சாமணத்தால எடு, எண்ணெய்ப் பசை இருந்தா பொடி ஓடாது. ஒட்டு முடிஞ்சு, புளியில போட்டு, பூவந்திக்கொட்டை (சோப்புக்காய்) நுரையில தேச்சுக் காயவச்சிட்டு கல்லை இறக்கு. கல்லு ஏறின சாமானுக்குப் பொறவு தீ காட்டப்படாது, கேட்டியா.