அடிபம்பா, வடிகட்டித் துணியா?

வைகைக்கரையான்:
எங்கள் பாலிடெக்னிக் செட்டின் சந்திப்பில் செலவு போக ஒன்றேகால் லட்சம் ரூபாய் மிஞ்சியது. செட்டில் ஒருவன் கானாவில் வேலை பார்க்கிறான். வடக்குக் கானாவில் ஊர் ஊராகப் போர்வெல் போட்டு அடிபம்பு வைக்கும் ஒரு சின்னத் தொண்டு அமைப்பு அவனுக்குப் பழக்கம். பணத்தை அதற்கே அனுப்பலாம் என்று பேச்சு. முழு போருக்குக் காணாது, ஒரு பங்குதான். நல்ல தண்ணீர் வந்தால் நோய் குறையும், பெண்களின் அலைச்சல் குறையும், மிஞ்சும் நேரத்தில் நாலு காசு பார்ப்பார்கள். யாருக்காவது மறுப்பு உண்டா?

கணக்குப்பிள்ளை:
உண்டு. 2009இல் சஹாராவுக்குத் தெற்கே உள்ள இருபது நாடுகளின் கணக்கைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடிபம்புகளில் 36 சதவீதம் ஓடாமல் கிடந்தது. மூன்றில் ஒன்று! திறப்பு விழாவுக்குப் போட்டோ எடுக்க வருகிறவர் வாசர் தேய்ந்த அன்று வருவதில்லை. பிளேபம்ப் கதை நினைவிருக்கிறதா? பிள்ளைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் தொட்டிக்கு ஏறும் என்று 2006இல் கோடிக்கணக்கில் கொட்டினார்கள். பிள்ளைகள் விளையாடி முடித்துப் போன பிறகு, அம்மாக்கள் அந்த ராட்டினத்தைக் குனிந்து தள்ளித் தண்ணீர் எடுத்தார்கள். அதற்குப் பேசாமல் பணத்தை ஏழை வீடுகளின் கையிலேயே கொடுத்துவிடலாம். கென்யாவில் கைபேசி வழியாக அப்படித்தான் கொடுக்கிறார்கள். கூரைக்குத் தகரமோ ஆடோ, எது வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

போர்க்காரன்:
கணக்குப்பிள்ளை சார், கையில் கொடுத்த பணத்தில் எந்தக் குடும்பமும் தனியாகப் போர் போட முடியாது. ஊருக்குப் பொதுவானதைப் பொதுவில்தான் செய்ய வேண்டும்.

நான் உகாண்டாவில் நான்கு வருடம் பம்பு வேலை பார்த்தவன். அங்கே பல ஊரில் நிற்பது நம்ம ‘இந்தியா மார்க் 2’. 1970களின் கடைசியில் மெட்ராஸ் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் கம்பெனியில் செய்ய ஆரம்பித்த அதே பம்பு. உழைக்கும், ஆனால் நிலத்துக்குள் இருக்கும் சிலிண்டரில் வாசர் மாற்ற மொத்த பைப்பையும் மேலே தூக்க வேண்டும். அதற்கு முக்காலி, சாமான், நாலு ஆள். இதைச் சுலபமாக்கத்தான் கோயம்புத்தூர்ப் பக்கம் 1983 முதல் 1988 வரை சோதனை நடத்தி மார்க் 3 கொண்டுவந்தார்கள். அதில் பைப்பைத் தூக்காமலே உள்ளே இருப்பதை உருவி எடுக்கலாம்.

நான் அங்கே கண்ட பெரிய பிரச்சினை வேறு. நிலத்தடி நீரில் அமிலத்தன்மை இருந்தால் ஜி.ஐ. பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், சில வருடத்தில் அரித்துவிடும். தண்ணீர் செம்மண் கரைத்த மாதிரி வரும், துணி துவைத்தால் கறை, சோறு கறுக்கும். பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், பெண்கள் மட்டும் பழைய குட்டைக்கே திரும்பியிருப்பார்கள். உங்கள் 36 சதவீதத்தில் இது வராது.

ஆச்சி பேத்தி:
குட்டை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஆச்சியின் கணுக்காலில் நரம்புச்சிலந்தி வந்த தழும்பு இருந்தது. படிக்கிணற்றில் இறங்கிக் குடித்த தண்ணீரில் வந்தது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சியோடு உள்ளே போகும் புழு, ஒரு வருடம் கழித்து ஒரு முழத்துக்கும் மேலான நீளத்தில் காலைப் பொத்துக்கொண்டு வரும். குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் இழுக்க வேண்டும். நடவோ அறுப்போ, அந்தச் சமயத்தில் எழுந்து நிற்க முடியாது. அந்த வருடம் வீட்டில் கஞ்சிக்கும் திண்டாட்டம்தான். நோயும் வறுமையும் ஒரே புழு.

1986இல் உலகம் முழுக்க ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இது இருந்தது. 2023இல் 14 பேர். மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டு, புழு வெளியே வரும் காலோடு குட்டையில் இறங்காதே. இதை வீடு வீடாகச் சொன்னவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். 1995இல் சூடானில் இந்த வேலைக்காகவே சண்டையைச் சில மாதம் நிறுத்தினார்கள். போர்வெல்லுக்கு ஆகும் காசில் எத்தனை ஊருக்குத் துணி கொடுக்கலாம்!

கணக்குப்பிள்ளை:
அது அமெரிக்க முன்னாள் அதிபர் கார்ட்டரின் மையம் முன்னின்று நடத்தியது. அதைப் போய் ஊர்மட்டத் தொண்டு என்கிறீர்களே அம்மா?

ஆச்சி பேத்தி:
பணமும் திட்டமும் அவர்களுடையது, ஒப்புக்கொள்கிறேன். யார் வீட்டில் யாருக்குக் கால் வீங்கியிருக்கிறது என்பது அந்த மையம் இருக்கும் அட்லாண்டாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா?

வைகைக்கரையான்:
அக்கா, துணி போதும் என்றால் சவெலுகு ஊரில் அப்படி ஏன் நடந்தது? நான் கேட்கிற அதே வடக்குக் கானாதான். ஊருக்கு வந்த குழாய்த் தண்ணீர் நின்றுபோனது, ஜனங்கள் குட்டைக்குப் போனார்கள், 2007இல் புழு கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்தது. கடைசியில் 2010இல்தான் கானாவில் அது ஒழிந்தது. தண்ணீர் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

போர்க்காரன்:
தம்பி, அந்தத் தண்ணீர் ஏன் நின்றது என்று யோசித்தீர்களா? இருந்த குழாயை ஓட்டத்தில் வைக்கவில்லை. கென்யாவில் கிட்டுயி பக்கம் ஃபண்டிஃபிக்ஸ் என்று ஒரு உள்ளூர் அமைப்பு இருக்கிறது. ஊர்கள் மாதாமாதம் சந்தா கட்டும், பம்பு நின்றால் ஆள் வரும். முன்பு பழுது பார்க்க ஒரு மாதம் ஆன இடத்தில் இப்போது மூன்று நாள்கூட ஆவதில்லை. உங்கள் பணத்தைப் புது போருக்குக் கொடுக்காதீர்கள். பழைய பம்புக்கு நல்ல பைப் வாங்கக் கொடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
இது சரி. முதல்முறையாகச் சம்மதம். ஆனால் பைப் மாற்றியதற்கு எந்த அமைப்பும் பெயர்ப்பலகை வைக்காது. உங்கள் செட்டுக்குச் சம்மதமா, முதலில் கேளுங்கள்.

ஆச்சி பேத்தி:
எனக்கு இன்னும் துணிதான். பைப் வந்து சேரும் வரை அவர்கள் எதைக் குடிப்பார்கள்?

வைகைக்கரையான்:
பெயர்ப்பலகை விஷயத்தில் வாட்சப் குழுவில் ஏற்கெனவே சண்டை. இன்று காலை அந்த அமைப்புக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன்: ஐந்து வருடத்துக்கு முன் நீங்கள் போட்ட பம்புகளில் இப்போது எத்தனை ஓடுகிறது? பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

கணக்குப்பிள்ளை:
வராது.

போர்க்காரன்:
வந்தால், பைப் ஜி.ஐ.யா ஸ்டெயின்லெஸ்ஸா என்றும் கேட்டுவிடுங்கள்.