பனைக்கட்டையில் டிக்கி: மூக்கு பிய்ந்துவிட்டது, என்ன செய்யலாம்?

புதுஉளி:
ஃபுளோரிடாவில் இருக்கிறேன். பக்கத்து வீட்டில் சபால் பனை ஒன்றை வெட்டினார்கள். இரண்டடித் துண்டைக் கேட்டு வாங்கி டிக்கி செதுக்க உட்கார்ந்தேன் (கார் டிக்கி இல்லை, பாலினீசிய மரச்சிலை). நெற்றி, கண் வரை சுகமாகப் போனது. மூக்கடியில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினேன், பாதி மூக்கு சிம்பாகக் கிளம்பிக் கையோடு வந்துவிட்டது. வாய்க்குள் தோண்டினாலோ நார் நாராகப் பிய்கிறது. கட்டை தப்பா, கை தப்பா?

கொட்டாப்புளி:
கட்டையைக் குறை சொல்லாதீர்கள், அங்கே நிறையப் பேர் பனையில்தான் செதுக்குகிறார்கள். நார் நெடுக்காக ஓடுவதால், மூக்கடியில் மேல்நோக்கித் தட்டினால் பிளவும் அதோடு ஓடிவிடும். முதலில் மூக்கு முடியும் இடத்தில் கைரம்பத்தால் குறுக்கே ஒரு வெட்டுப் போடுங்கள். அப்புறம் வாய்ப் பக்கமிருந்து அந்த வெட்டை நோக்கிச் செதுக்கினால் சில்லு அங்கேயே நின்றுவிடும்.

உளியைக் கடைசியாக எப்போது தீட்டினீர்கள்? பனை, உளிமுனையைச் சீக்கிரம் தின்றுவிடும். நான் கால் மணிக்கொரு தடவை தோல்வாரில் தீட்டுவேன். செதுக்குவதைவிடத் தீட்டுவதுதான் அதிகம் என்று வீட்டில் கேலி.

புதுஉளி:
தீட்டி மூன்று வாரம் இருக்கும் அண்ணா. விழுந்த மூக்கை ஒட்டிவிடலாமா?

ஓஹியா:
ஒட்டினால் தழும்பு தெரியும். கன்னம், கண், வாய் எல்லாவற்றையும் அரை அங்குலம் உள்ளே இறக்குங்கள், நடுவில் மிஞ்சுவது புது மூக்கு. வாயை எவ்வளவு ஆழம் தோண்டினீர்கள்?

புதுஉளி:
மூன்று அங்குலம். ஹவாய்ச் சிலைப் படம் ஒன்றைப் பார்த்துச் செய்தேன்.

ஓஹியா:
அதுதான் விஷயம். பனைக்கு வைரம் (கெட்டியான பகுதி) வெளியில், நடுவில் வெறும் சோறு (மெத்தென்ற பகுதி). வெளியே வைரம் உள்ளதைப் புல் என்றும் உள்ளே உள்ளதை மரம் என்றும் தொல்காப்பியமே பிரிக்கிறது. நீங்கள் செதுக்குவது புல்! ஹவாயில் கூ தெய்வத்தின் சிலைகளை ஓஹியா மரத்தில் செய்தார்கள், அது உள்ளேயும் கெட்டி. (அங்கே சிலைக்குப் பெயர் கிஇ. டிக்கி என்பது மார்க்கேசஸ் தீவுகளிலும் மாவோரிகளிடமும் உள்ள சொல்.) அந்த வாயைப் பனை தாங்காது. உதட்டைப் புடைப்பாக விட்டு, வாயை மேலோட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். நிழல் விழுந்தால் ஆழமாகத்தான் தெரியும்.

அடுத்த தடவை வேரோடு துண்டு கிடைத்தால் தலைகீழாக நிறுத்துங்கள். வேரே தலைமுடி.

புதுஉளி:
இரண்டு வாரம் கழித்து வருகிறேன். ரம்ப வெட்டு வேலை செய்தது, மூக்கு வந்துவிட்டது. ஆனால் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

கொட்டாப்புளி:
நடுக்கோடு போட்டீர்களா?

புதுஉளி:
முதல் நாள் சாக்பீஸில் போட்டேன். செதுக்கியதில் போய்விட்டது.

கொட்டாப்புளி:
போகப்போகத் திரும்பப் போட வேண்டும் தம்பி.